சாபம் கொடுக்கும் சீனியர்

அலுவலகத்துக்கு ஒரு துர்வாசர் கட்டாயம் இருப்பார். கமண்டலத்துக்குப் பதில் எவர்சில்வர் ஃப்ளாஸ்க். நமக்கு மேலதிகாரி ஒன்றும் இல்லை. சில வருட சீனியர், அவ்வளவுதான்.

அவர் கோபம் சொல்லாமல் வராது. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். மடிப்பார். டப்பாவில் வைத்து மூடுவார். அந்த 'டப்' கேட்டதும் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜெராக்ஸ் வேலை வந்துவிடும். மாட்டுவது புதிதாகச் சேர்ந்த பையன். "எவன்யா இந்த பில்லைப் போட்டது?" என்று ஆரம்பித்தால் ஃபைல் பறக்கும், பஞ்சிங் மெஷின் துள்ளும். பிறகு அவரே வந்து, "நான் கத்துவேன் தம்பி, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்பார். வாஸ்தவம். எல்லாவற்றையும் பையன் மனசில் அல்லவா வைத்துவிட்டார்!

"கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று அவருக்குச் சான்றிதழ் தருபவர்கள் அத்தனை பேரும் வேறு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

துர்வாசருக்குச் சட்டமும் அத்துப்படி. பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சும்மா கத்துவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. உடம்புக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வதாக மிரட்டினால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு எட்டிப் பார்க்கும். இரண்டு வருடம் வரை உள்ளே இருக்கலாம். எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் சேர்த்தி. அந்த மிரட்டலுக்கு ஏழு வருடம் வரை. அதனால்தான் "கையை உடை..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று பிரேக் போட்டு, "அந்த முருகன் பாத்துப்பான்டா உன்னை" என்று முடிப்பார். மிரட்டலிலும் அவுட்சோர்சிங்!

பாவம், 354-வது பிரிவை அவர் படிக்கவில்லை. 'நான் சொன்னதைச் செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாக்கிவிடுவேன்' என்று நம்பவைத்துக் காரியம் சாதித்தாலும் ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. அசல் துர்வாசரே ஜாமீனுக்கு அலைந்திருப்பார்.

போலீஸ் வரை போவானேன், நிர்வாகத்திடமே புகார் கொடுக்கலாம். மெமோ, உள்விசாரணை எல்லாம் வரும். சாட்சிதான் வராது. "நான் அப்ப டீ குடிக்கப் போயிருந்தேன் சார்" என்று செக்‌ஷன் மொத்தமும் சொல்லும்.

புதிதாக வந்த பெண் ஒருத்தி சாட்சியை நம்பவில்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சுற்றி யார் இருந்தார்கள் என்று டைரியில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒருநாள் கர்ஜனை ஓய்ந்ததும் சாவதானமாக, "சார், இப்ப சொன்னதை அப்படியே ஒரு மெயில்ல போட்டுடுங்களேன். எனக்கு மறந்துடும்" என்றாள்.

துர்வாசர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டைப் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். சாயங்காலம் மெயில் வந்தது: "வணக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு சிறிய கூட்டல் பிழை உள்ளது போல் தெரிகிறது. நேரம் கிடைக்கும்போது பார்க்கவும். அவசரம் இல்லை. அன்புடன்."