கைமணம் யாருடையது?

கேள்வி: விடுதிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா வைக்கும் சாம்பார் இங்கே ஏன் கிடைப்பதில்லை? (முதலாண்டு மாணவர்)

பதில்: அம்மா அங்கே இருப்பதால். ஆனால் இது அரைப் பதில்தான்; மீதி உங்கள் நாக்கில் இருக்கிறது. கைமணம் என்று சமைக்கிறவர் கணக்கில் நாம் வரவு வைப்பதில் பெரும்பகுதி, சாப்பிடுகிறவரின் 17, 18 வருஷப் பழக்கம் என்பது என் கட்சி. அந்தப் பழக்கம் முதல் சோறு ஊட்டுவதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை ஊட்டியபோது அதிகம் முகம் சுளிக்கவில்லை; தண்ணீர் மட்டும் குடித்தவர்களின் குழந்தைகள் அவ்வளவு இணங்கிப் போகவில்லை. கேரட்டுக்கே இப்படி என்றால் பெருங்காயத்தைக் கேட்க வேண்டுமா? சந்தேகம் இருந்தால் அறைத்தோழர்களை விசாரியுங்கள். நெல்லைக்காரருக்கு இடிசாம்பார்தான் சாம்பார். நாகர்கோவில்காரருக்குத் தேங்காய் வறுத்தரைக்காதது வெறும் பருப்புத் தண்ணீர். இரண்டு அம்மாக்களுமே உலகின் தலைசிறந்த சமையல்காரர்களாக இருக்க முடியாது. இரண்டு நாக்குகளும் நன்றாகப் பழகியிருக்க முடியும்.

கேள்வி: அப்படியானால் மெஸ் சாம்பார் மேல் குற்றமே இல்லையா?

பதில்: உண்டு. "அண்ணே, அடியில கலக்கி ஊத்துங்க" என்ற விண்ணப்பத்துக்கும் நாக்குப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. பருப்பு வாளியின் அடியில் கிடக்கிறது, அவ்வளவுதான். கூட்டத்துக்குச் சமைப்பதால் ருசி கெடுகிறது என்பார்கள். கல்யாணத்தில் ஆயிரம் பேருக்கு வைத்த சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறோமே! அங்கே பந்திக்குக் கணக்காக இறக்குகிறார்கள், பருப்பில் கை இறுக்குவதில்லை, செலவும் பெண்வீட்டாருடையது. நம் விடுதிகள் பலவற்றில் இருப்பது டிவைடிங் சிஸ்டம்: மாதச் செலவு சாப்பிட்டவர்கள் தலையில் பங்காக விழும். பருப்பைக் கூட்டினால் மெஸ் பில்லும் கூடும். அப்போது முதலில் கொடி பிடிப்பவர், போன மாதம் சாம்பார் தண்ணீராக இருக்கிறதென்று கொடி பிடித்த அதே அண்ணன்தான். சரி, கெட்டியாகவே வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டு மாதிரி இல்ல" என்பீர்கள். அந்த 'ஆனா'வைப் பற்றித்தான் நான் பேசுவது.

கேள்வி: தாயன்பையே கொச்சைப்படுத்துகிறீர்கள்! (ஒரு தாய்)

பதில்: இல்லம்மா. ஒருத்தர் நாள் தவறாமல் சமைத்துப் போட்டால்தானே நாக்கு பழகும்? அத்தனை வருஷப் பாட்டைக் 'கைராசி' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதுதான் கொச்சை. மேலும், ருசி அந்தக் கையில்தான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கை அடுப்படியை விட்டு நகரவே முடியாது. வீட்டில் மற்றவர்களுக்கு இது ரொம்ப சௌகரியம். அப்பா சமைத்த வீட்டுப் பிள்ளையின் நாக்கு அப்பா ரசத்தைத்தான் தேடும்.

கேள்வி: படிப்பு முடிந்து 30 வருஷம் ஆச்சு. அன்று திட்டிக்கொண்டே தின்ற விடுதிச் சாப்பாட்டுக்கு இன்று ஏங்குகிறேன். இதுவும் நாக்குதானா? இளமைக்கான ஏக்கம் இல்லையா?

பதில்: இளமைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மணத்தை மூளைக்குக் கொண்டுபோகும் வழி, நினைவையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேராகப் போகிறது; அதனால் விடுதிச் சப்பாத்தி குருமாவின் வாசனையோடு கூடப் படித்தவர்களும் வந்துவிடுகிறார்கள். ஆனால் நாக்கு மாறுவதற்கு அவ்வளவு காலம் பிடிப்பதில்லை. 1982இல் வந்த ஓர் ஆய்வில், உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே குறைந்த உப்பு பிடித்துப்போனது. நீங்களோ மூன்று நான்கு வருஷம் சாப்பிட்டவர். திட்டு வாய் வழியாக வெளியே போனது, குருமா உள்ளே போனது. பழைய மாணவர் கூட்டத்துக்கு அதே சப்பாத்தி குருமாவைச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஆபத்து, கேட்டரிங்காரர் அதை நன்றாகச் சமைத்துவிடுவார்.