மனு திரும்பி வரப் படமெடுப்பது எப்படி?

மாற்றுச் சான்றிதழையோ தாத்தா காலத்துப் பத்திரத்தையோ செல்போனில் படமெடுத்து இணையத்தில் ஏற்றினால், "தெளிவாக இல்லை" என்று மனு திரும்பி வருவதே மரபு. அதைக் கட்டிக்காக்க விரும்புவோருக்கு இதோ செய்முறை.

சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டிருப்பது உத்தமம். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் கடையில் அந்தக் கடமையை முடித்திருப்பீர்கள். இனி, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைக் கூடத்தில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே தரையில் போட்டு, மேலே குனியுங்கள். உங்கள் தலையும் போனும் சேர்ந்து பதிவெண்மேல் நிழலாக விழும். போதவில்லையா, பிளாஷைப் போடுங்கள். ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது வீண்போகாது: நேர் மேலிருந்து அடித்த வெளிச்சம் நேராக லென்ஸுக்கே வந்து சேரும், பிறந்த தேதி இருந்த இடம் வெளுத்துப்போகும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் உங்கள் சட்டைப்பையும் ஆவணத்தில் இடம்பெறும்.

மலிவு எல்.இ.டி. பல்பையும் மறக்காதீர்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அந்த பல்பு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. வரிவரியாகப் படிக்கும் போன் சென்சாருக்குத் தெரிந்து, படம் முழுக்கப் பட்டை விழும்.

நாலாக மடித்து பீரோவில் கிடந்த பத்திரமா? விளக்கைத் தரையோடு தரையாக ஒரு பக்கம் வையுங்கள். ஒவ்வொரு மடிப்பும் மேற்குத் தொடர்ச்சி மலைபோல எழுந்து நிற்கும். (ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய தடம் தெரிய இந்தச் சாய்வு வெளிச்சம் உண்மையிலேயே உதவும். உங்களிடம் இருப்பது ஓலை இல்லை என்பதுதான் இதில் அழகு.)

சில விபரீதங்களைத் தவிர்க்க வேண்டும். பகலில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் காகிதத்தை வைப்பது. எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தி நிழலைக் குறைப்பது. மற்ற விளக்குகளையெல்லாம் அணைப்பது. ஒரு எட்டுத் தள்ளி நின்று ஜூம் செய்வது. விளக்குதான் வேண்டுமென்று ஒரே ரகத்தில் இரண்டை வாங்கி, இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லேமினேஷன்கூடப் பளபளக்காது, பாவம்.

இத்தனைக்கும் பிறகு எழுத்து தெளிவாக விழுந்துவிட்டால் பதறாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பி, அவர் திருப்பி அனுப்புவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுங்கள்.