அப்பாவின் நோட்டும் என் கைச் சென்சாரும்

எழுபதுகளில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மாடத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும் இருந்தன. அப்பாவுக்குச் சர்க்கரை. பெனடிக்ட் கரைசல் 5 மி.லி., அதில் சிறுநீர் 8 சொட்டு. கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அம்மாவின் முகம் வாடிவிடும்.

குறையுள்ள சோதனைதான். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் தெரியும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். அளவுக்கு மீறித் தாழ்ந்துபோனால் காட்டவே காட்டாது. ஆனால் அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் நிறத்தையும், பக்கத்திலேயே சாப்பிட்டதையும் எழுதிவந்தார். ‘பச்சை – ராத்திரி நாலு இட்லி.’ ‘செங்கல் – கல்யாணச் சாப்பாடு.’ டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து, “ராத்திரி ஒரு இட்லி குறைச்சுக்குங்க, சாயங்காலம் கோயில் வரைக்கும் நடந்துட்டு வாங்க” என்பார். அப்பாவால் முடிந்த காரியம் அது, செய்தார்.

இன்று என் புஜத்தின் பின்புறம் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. தோலுக்கடியில் மெல்லிய இழை. 14 நாள் உழைக்கும். ராத்திரி சர்க்கரை இறங்கினால் போன் கத்தி எழுப்புகிறது. அப்பா காலத்தில் இது இருந்திருந்தால் அம்மா எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பாள். இந்த அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இருந்தும், அந்த டாக்டர் சொன்ன ஒற்றை வாக்கியத்தை போனில் இருக்கும் சென்சாரின் செயலி எனக்குச் சொல்வதில்லை. கோடு ஏறுகிறது, சிவக்கிறது, அவ்வளவுதான். உணவுப் பட்டியலில் ஓட்ஸ் இருக்கிறது, கம்பங்கூழ் இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் அதே நடை இலக்கு.

அளந்து காட்டினாலே மனிதர் மாறிவிடுவார் என்பது பெரிய நம்பிக்கை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 471 பேரை வைத்து 2 ஆண்டு சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் 6 மாதத்துக்குப் பின் உடலில் அணியும் கருவியும் கொடுத்தார்கள். கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ எடை குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ. கருவியே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எண்ணுக்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் வடிவமைப்பின் பாதி வேலை, பலர் அதைத் தொடுவதே இல்லை.

இந்தச் செயலிகளை உருவாக்கும் இளைஞர்களே, இலக்கை நீங்கள் வைக்காதீர்கள், எங்களைக் கேளுங்கள். சமையற்கட்டில் கரண்டியால் அளக்கும் அம்மாக்களோடு நாலு நாள் உட்காருங்கள். எங்கள் தட்டில் இருப்பதைத் தமிழில் எழுத இடம் வையுங்கள். நாளைக்கு நாங்கள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.