2.0-வை எங்கே பார்த்தீர்கள்?

‘2.0’ படத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது, எங்கே பார்த்தீர்கள் என்பதைத்தான். தியேட்டரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு 3டியில் பார்த்தவரா? பண்டிகை நாளில் டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே பார்த்தவரா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் பார்த்தவரா? அது தெரிந்துவிட்டால், படத்தைப் பற்றி அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதன் முதல் பாகமான ‘எந்திரன்’ பற்றி யாரையும் இப்படிக் கேட்க வேண்டியிருந்ததில்லை.

எந்திரன் 2010 அக்டோபர் 1 அன்று வந்தது. செங்கல்பட்டில் வீட்டோடு போய்ப் பார்த்தோம். அக்கா பையன் அப்போது மடியில் உட்காரும் வயது. என் தாய்மாமா சுஜாதாவின் தீவிர வாசகர். ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர். ஜீனோ என்ற அந்த இயந்திர நாயை வீட்டு நாய் மாதிரி பேர் சொல்லிப் பேசுவார். எந்திரனுக்கு வசனம் எழுதிய சுஜாதா, படம் திரைக்கு வருவதற்கு இரண்டரை ஆண்டு முன்பே, 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். இயக்குநர் ஷங்கரும் மதன் கார்க்கியும் மிச்சத்தை எழுதி முடித்தார்கள். அதனால் மாமா அன்றைக்குத் தியேட்டருக்கு வந்தது ரஜினிக்காக மட்டுமில்லை. போய்விட்ட மனிதரின் குரல் எந்தெந்த வரியில் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் விட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது ஆளுக்கொரு காட்சி வாயில் இருந்தது. அக்காவுக்குப் பிரசவக் காட்சி. பொடியனுக்குக் கொசு. மாமாவுக்கு, நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று, சிட்டி என்ற ரோபோ தன்னையே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்துக்கொண்டே பேசும் இடம். எனக்கு அந்தத் தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து தூக்கி வந்து, உடுப்பில்லாமல் கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறது. அவள் கூச்சம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். உயிரைக் காப்பாற்றிய பிறகும் ஏன் செத்தாள் என்று இயந்திரத்துக்குப் புரியவில்லை. எல்லாம் கற்ற ஒன்றுக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியாமல் போவதன் விலை ஓர் உயிர். அறிவியல் புனைவு செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கடைசி அரை மணி நேரத்தில் சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் திரண்டுகொண்டே போனது சலிப்பு. அதையும் எல்லோருமே சொன்னோம். ரசித்ததில் மட்டுமில்லாமல் குறை சொல்வதிலும் ஒன்றாக இருந்தோம்.

இரண்டாம் பாகத்துக்கு எட்டு வருடம் ஆனது. இந்த முறை லைகா தயாரிப்பு. வசனத்தில் ஜெயமோகன் சேர்ந்தார். வில்லன் பட்சிராஜனாக அக்‌ஷய் குமார். 2017 அக்டோபரில் துபாயில் பாடல்களை வெளியிட்டார்கள். படத் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போய் 2018 நவம்பர் 29-ல் நின்றது. செல்போன் அலைகள் பறவைகளைக் கொல்கின்றன என்பது கதை. வெளியாவதற்குச் சில நாள் முன்பு, செல்போன் நிறுவனங்களின் சங்கம் இது அறிவியலுக்குப் புறம்பானது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அந்தப் படத்துக்கு நாங்கள் டிக்கெட் எடுத்தது செல்போனில். படத்தின் முதல் போஸ்டரிலிருந்து கடைசி டிரெய்லர் வரை எங்களை வந்து சேர்ந்ததும் செல்போன் வழியாகத்தான்.

சென்னைக்குப் போய் 3டியில் பார்த்தோம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஷங்கர் இந்தப் படத்தைச் சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு 3டியாக மாற்றவில்லை, 3டி கேமராக்களிலேயே எடுத்தார். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் ஆழம் என்பது அலங்காரமாக இல்லை, இடமாகவே இருந்தது. ஆயிரக்கணக்கான செல்போன்கள் சாலையில் தார் ஊற்றியது போல ஊர்ந்து போகும். ஒளிரும் திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறகாகி, இறகுகள் சேர்ந்து சிறகாகி, ஒரு பெரும் பறவை அரங்குக்குள் தலையை நீட்டும். பதின்மூன்று வயது அக்கா பையன் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பான், மறுபடி மாட்டுவான். எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்த தமிழ்ப் படங்களில் பரப்பை இவ்வளவு தைரியமாகக் கையாண்ட இன்னொன்று இல்லை.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டுவதற்குள் வண்டிக்குள் மூன்று கட்சி.

“தாத்தா, அந்தப் பறவ நேரா மூஞ்சிக்கே வந்துச்சு தாத்தா!”

“வந்துச்சுடா கண்ணு. கத எங்க வந்துச்சு?” என்றார் மாமா. அவருக்கு சுஜாதா இல்லாத வெறுமை. சிட்டி இந்தப் படத்தில் யோசிக்கவில்லை, வெறுமனே சண்டை போடுகிறது என்றார். முதல் பாகத்தின் நாயகி சனா வெறும் போன் குரலாகிவிட்டாள், அந்த முக்கோணக் காதலை, பொறாமையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ராணுவ அணிவகுப்பு நடத்துகிறார்கள் என்றார்.

அக்கா அதுவரை பேசவே இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் வந்தபோது சொன்னாள்: “அந்தப் பெரியவர் டவர்ல தூக்கு மாட்டிக்கிறாரே, அது கத இல்லையா மாமா?”

நான் அக்கா கட்சி. பட்சிராஜன் என்ற பறவையியலாளரின் தோற்றம் சாலிம் அலியை நினைவுபடுத்தும்படி அமைந்திருக்கிறது. பறவைகள் செத்து விழுவதைப் பார்த்து, மனுக் கொடுத்து, கோர்ட்டுக்குப் போய், கடைகடையாய் ஏறிக் கெஞ்சி, யாரும் காது கொடுக்காமல் சாகிறார் அந்தக் கிழவர். அந்த முன்கதையை அக்‌ஷய் குமார் கொஞ்சமும் மிகையில்லாமல் நடித்திருக்கிறார். நா. முத்துக்குமார் எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டு ஒன்றும் அங்கே வருகிறது. அந்த இருபது, முப்பது நிமிடம் படத்தில் யாரும் வித்தை காட்டவில்லை.

எனக்கு இதில் தனிப்பட்ட ஒட்டுதலும் உண்டு. படத்தில் திருக்கழுக்குன்றம் வருகிறது. சின்ன வயதில் ஆயா என்னை அந்த மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் வேதகிரீஸ்வரர் கோயில். உச்சிப் பொழுதில் பாறை மேல் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். கழுகு என்று ஊர் சொல்லும் இரண்டு வெள்ளைப் பாறுகள் வந்து இறங்கும். காசியில் குளித்துவிட்டு ராமேசுவரம் போகிற வழியில் இங்கே சாப்பிட வருகின்றன என்று ஆயா கையெடுத்துக் கும்பிடுவார். 1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. பறவைகள் போய்விட்டால் ஊரின் பெயர் மட்டும் மிஞ்சி நிற்கும் என்பது எங்கள் பக்கத்து மனிதர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

அதனாலேயே, பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் என் நண்பர் படத்தின் மேல் கொண்ட கோபத்தையும் நான் தள்ளிவிட முடியாது. இந்தியாவின் பாறு இனங்கள் அதே 1990-களில்தான் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், அதன் கறியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகும். 2004-ல் இது நிரூபணமானது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. சிட்டுக்குருவி விஷயத்திலும், 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கக் கணக்கிட்டால் இருபத்தைந்து வருடமாக எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைவு. செல்போன் கோபுரம்தான் குருவிகளைக் கொன்றது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. “கொன்னவன் ஒருத்தன், பழி இன்னொருத்தனுக்கு. நாளைக்கு இந்தப் படத்தப் பாத்த ஒரு பையன் குருவியக் காப்பாத்தணும்னு கெளம்பினா, எங்க போய் நிப்பான்?” என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பறவைகள் மேல் உண்மையான அக்கறை உள்ள படம், உண்மையான கொலைகாரனைத் தேடியிருக்க வேண்டும்.

என் வருத்தம் வேறு இடத்தில். இவ்வளவு நியாயத்தையும் ஒரு கிழவர் கையில் கொடுத்துவிட்டு, அவரைப் பூதமாக்கிச் சிட்டியோடு மோதவிட்டார்கள். முடிவில் அவரை எப்படி வீழ்த்துகிறார்கள்? குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வருகின்றன. பறவைகளைப் பணயம் வைத்துப் பறவைகளுக்காகச் செத்தவரைப் பணிய வைக்கிறார்கள். அரங்கம் கைதட்டியது. அதற்கு முன் அழுத அதே அரங்கம்தான். எந்திரன், தவறு செய்த இயந்திரத்துக்கே நீதிமன்றத்தில் பேச நேரம் கொடுத்தது. 2.0 அந்த மனிதருக்கு அதைக் கொடுக்கவில்லை. படத்தைப் பற்றி இரண்டு பட்ட ரசிகர்கள், படத்துக்குள்ளேயே இருந்த இந்தப் பிளவில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இத்தனை வருடத்துக்குப் பிறகு கட்சிகள் மாறிவிட்டன. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிய பையன் இப்போது இன்ஜினீயரிங் முடிக்கப் போகிறான். போன வருடம் ஹாஸ்டலில் 2.0-வைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கா மாமா நான் அப்பிடிக் குதிச்சேன்?” என்று என்னிடம் கேட்டான். அவன் குதித்தது நியாயம்தான். அவன் அன்றைக்குப் பார்த்த படம் இன்று எங்கேயும் கிடைப்பதில்லை. டிவியிலும் போனிலும் ஓடுவது அதன் தட்டையான நிழல். ஆழத்தை நம்பி எடுத்த காட்சிகளில் ஆழத்தை உருவிவிட்டால், பறவை வெறும் செல்போன் குவியலாகிறது; அந்தக் குவியலும் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்குகிறது. செல்போனுக்கு எதிராக எடுத்த படத்தைச் செல்போன் இப்படித்தான் விழுங்கியது. எந்திரனுக்கு இந்தச் சேதம் இல்லை. தீ விபத்துப் பெண்ணும் நீதிமன்றமும் எந்த அளவுத் திரையிலும் அப்படியே நிற்கின்றன. 2030-ல் ஓர் அருங்காட்சியகம், கழற்றி வைத்த சிட்டி, ஏன் கழற்றினார்கள் என்று கேட்கும் பள்ளிச் சிறுமி என்று முடியும் படம் அது. 2010-ல் அது எங்களுக்குத் தூரத்துக் கற்பனை. இன்று அக்கா பையனின் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுப்பாடத்தை இயந்திரத்திடம் கேட்டு எழுதுகிறார்கள். அந்தச் சிறுமியின் கேள்வி அவர்களுடைய வேலைவாய்ப்புப் பேச்சிலேயே வந்துவிட்டது. அவனும் எந்திரன் கட்சிக்குப் போய்விட்டான்.

மாமா எதிர்த் திசையில் வந்திருக்கிறார். டிவியில் 2.0 போட்டால் பட்சிராஜன் கதை வரும்வரை காத்திருந்து பார்க்கிறார். அது முடிந்து சண்டை தொடங்கியதும் எழுந்து போய்விடுகிறார். “ஜெயமோகன் அந்தக் கெழவன மட்டும் வெச்சு ஒரு படம் எழுதியிருக்கணும்டா” என்றார் ஒருநாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு வண்டியில் தள்ளுபடி செய்த அந்தப் பிரம்மாண்டத்துக்காக இப்போது வாதாடுபவன் நான் ஒருவனாகத்தான் மிஞ்சியிருக்கிறேன்.

2024-ல் ‘கில்லி’ மறுபடி வந்து தியேட்டர்கள் நிரம்பின. பழைய படங்களுக்கு மறுவெளியீடு என்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு வாரம் 2.0-வை 3டியில் மட்டும் ஓட்டினால், போனில் பார்த்து உதட்டைப் பிதுக்கும் தலைமுறைக்குத் தாங்கள் எதைப் பார்க்கவில்லை என்பது தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் படத்தைத் திட்டட்டும்; அந்தப் புறாக் காட்சிக்காக நானும் சேர்ந்து திட்டுவேன். மாமாவிடம் சொன்னேன், வருகிறேன் என்றார். அக்கா பையன், செமஸ்டர் லீவில் வந்தால் பார்க்கலாம் என்கிறான். பறவை நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். படம் முடிந்ததும் டைக்ளோஃபினாக் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கொடுத்தால் வருவாராம்.