உலக முடிவைப் பார்க்காமலே திரும்பி வருவது எப்படி?

வெள்ளவத்தையில் ஒரு குடும்பமும் கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பமும் சேர்ந்து, ஹோர்டன் சமவெளியில் ஒருநாள் நடந்துவிட்டு வருவதென்று தீர்மானித்துவிட்டீர்கள். நல்லது. உங்களுக்குப் பாதி ஏற்கனவே தெரியும். மீதியை வரிசைப்படுத்தித் தருகிறேன். ஒரு படியையும் தாண்டாதீர்கள்.

1. மாதத்தை விருந்தாளி தீர்மானிக்கட்டும்.
ஜனவரி முதல் மார்ச் வரை சமவெளியில் மழை குறைவு, வானமும் தெளிவு. அப்போது வீட்டிலேயே இருங்கள். ரொறன்ரோ மாமா பிள்ளைகளோடு வரும் ஜூலைக்குக் காத்திருங்கள். தென்மேல் பருவக்காற்றும் அப்போதுதான் மலையில் முழு வேகத்தில் இருக்கும். மாமா வராத வருடமா? ஏப்ரல் விடுமுறையில் கிளம்புங்கள். நுவரெலியாவில் சீசன், கொழும்பு முழுவதும் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

2. விடிந்த பிறகு புறப்படுங்கள்.
பூங்காவின் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். 9, 10 மணியளவில் மூடுபனி ஏறிவிடும். ஆகவே 6 மணிக்கு நீங்கள் காலி வீதியில் நின்று வான்காரருக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கொட்டாஞ்சேனை, அங்கே சித்தி இன்னும் குளிக்கவில்லை. வழியில் ஒரு கோயிலில் தேங்காய் உடையுங்கள். கித்துல்கலையில் ஒரு பிளேன்ரீ, ஹற்றனில் இன்னொன்று. முதல்நாளே நுவரெலியாவிலோ ஓகியவிலோ தங்குகிறவர்களைப் பார்த்துச் சிரியுங்கள்: ஓர் இரவுத் தூக்கத்துக்கு இவ்வளவு காசா!

3. கால்களைக் கேட்காமல் பாதையைத் தெரிவுசெய்யுங்கள்.
தொட்டுபொல கந்த 2,357 மீற்றர். பட்டிப்பொல வாசல் பக்கம், வீதியோரத்திலேயே ஏற்றம் தொடங்குகிறது. குறுகிய நடை, உச்சியில் நல்ல காட்சி, நெரிசல் இல்லை. மூன்றும் குறைகளே. கிரிகல்பொத்த 2,388 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான மலை; போய்வரப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல். மாரத்தன் ஓடும் மருமகன் அதைக் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். மிஞ்சுவது, உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய்வரும் சுற்றுப்பாதை. ஒரு பாதையைத் தேர ஒரே கேள்வி போதும்: வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்ததும் லண்டன் அத்தைக்கு இடம் விளங்குமா?

4. தூரத்தை அப்பம்மாவுக்குச் சொல்லாதீர்கள்.
சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். இடமோ 2,000 மீற்றருக்கு மேல். கடல்மட்டத்தில் வாழ்ந்த நுரையீரல் அங்கே கேள்வி கேட்கும். "காலிமுகத்திடலில் உலாவுவது மாதிரித்தான் அம்மா" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். பாதிவழியில் அவர் கல்லில் உட்கார்ந்துவிட்டால் பதறவேண்டாம். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம்தான்; ஓட்டோவும் வராது.

5. வெள்ளவத்தை வெயிலுக்கு உடுத்துங்கள்.
சமவெளியின் சராசரி வெப்பநிலை 13 பாகை அளவில். பருத்திச் சட்டையும் பாட்டாச் செருப்பும் போதும். ஸ்வெற்றர் மாமாவுடையது, அவர்தான் குளிர் பழகியவர், அவரே போட்டுக்கொள்ளட்டும்.

6. ஒவ்வொரு ரோல்ஸையும் தனித்தனிப் பொலித்தீனில் சுற்றுங்கள்.
வாசலில் பையைத் திறந்து பொலித்தீனைக் கழற்றுவார்கள். பின்னால் வரிசை நீள நீள, "இது சாப்பாட்டுப் பை தம்பி" என்று வாதாடுங்கள். ஒன்றிரண்டை எப்படியாவது உள்ளே கொண்டுபோய்விடுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மனிதருக்குப் பழகிய மரை நிற்கும். உணவு கொடுக்கக் கூடாதென்ற பலகைக்கு அருகில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கேயே ஊட்டுங்கள். சுற்றுப்பாதையிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 19ஆம் நூற்றாண்டில் நாய்களை ஏவி இந்த மலைநாட்டில் மரை வேட்டையாடினார். உங்களுக்கு நாய்கூடத் தேவையில்லை.

7. பாதை பிரியும் இடத்தில் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்புங்கள்.
ஒரு பக்கம் போனால் பனி மூடுவதற்குள் பாறை விளிம்பைப் பிடிக்கலாம். மறுபக்கம் போனால் முதலில் நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சி மதியத்திலும் அங்கேயே இருக்கும், காட்சிதான் ஓடிப்போகும். ஆகவே ஓடாததை முதலில் பாருங்கள். ஆற அமரப் புளிச்சாதம் சாப்பிடுங்கள். ஸ்பீக்கரில் பாட்டை உயர்த்துங்கள். பறவை பார்க்க வந்தவர்களும் கேட்கட்டும்.

8. விளிம்பில் நின்று ஏமாறாதீர்கள்.
வந்துவிட்டீர்கள். காலடிக்குக் கீழே எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம். கண்ணெதிரே வெள்ளை. படத்தை எடுங்கள்; வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் குடும்பம் நிற்பதாகத் தோன்றினால், கீழே இடத்தின் பெயரை எழுதிவிடுங்கள். பெயருக்காகத்தானே வந்தீர்கள்.

9. அன்றிரவே கொழும்புக்குத் திரும்புங்கள்.
மலைவளைவுகளைச் சாரதி தூக்கத்தில் கடக்கட்டும். மறுநாள் அலுவலகத்தில் தீர்ப்பு வழங்குங்கள்: "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் பனி."

10. சூட்டோடு சூடாக அடுத்ததைத் திட்டமிடுங்கள்.
சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவம். படிகளில் விளக்கு எரியும், வழியெங்கும் தேநீர்க்கடை திறந்திருக்கும். மாமாவுக்கு ஜூலையில்தானே லீவு. மழை, இருட்டு, பூட்டிய கடைகள். வான்காரருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அப்பம்மாவுக்கு ஒரு ரோர்ச்சும் வாங்குங்கள்.