வாட்டர் ஹீட்டரின் திணை: கூடங்குளத்து உப்புத்தண்ணீரை முன்வைத்து ஓர் ஆய்வு

அகப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, பறை, யாழ் என்று கருப்பொருள் வகுத்தபோது தண்ணீரையும் மறக்கவில்லை. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்துக்கு மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும். விட்டுப்போனது வாட்டர் ஹீட்டர் ஒன்றுதான். இலக்கணக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அண்டாவில் வெந்நீர் காய்ந்த காலம் அது. உள்ளே உப்புப் படிந்தால் புளி போட்டுத் தேய்த்தார்கள், அண்டா மறுநாளும் அண்டாவாகவே இருந்தது. இன்றோ திருநெல்வேலி டவுனில் மாட்டுவதும் ராதாபுரம் தாலுகா கூடங்குளத்தில் மாட்டுவதும் ஒரே ஹீட்டர், ஒரே வாரண்டி அட்டை. மருதத்துக்குப் பிறந்த பொருளை நெய்தலில் வாழ வைக்கிறோம், அதனால்தான் காயில் எரிகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று மண். கூடங்குளம் பக்கத்து நிலத்துக்குள் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து கால்சியம் பைகார்பனேட்டாக்குகிறது. கிணற்றிலும் போரிலும் இறைப்பது அதைத்தான். சூடேறினால் வாயு பறந்துவிடும், கரைந்த கல் மறுபடி கல்லாகும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புக்குக் குணம் நேர்மாறு, சூடு கூடக்கூடப் பிரியும். எனவே வீட்டிலேயே மிகச் சூடான இடம் பார்த்து, அதாவது காயில்மேல், அது உட்காருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு வழியில்லாத ஊருக்கு 600 வரை விட்டுக்கொடுக்கிறது. அந்த 600ஐயே வைத்துக்கொள்வோம். தினம் 20 லிட்டர் காய்ச்சி, உப்பில் பத்தில் ஒரு பங்குதான் படிகிறது என்று தாராளமாகக் கழித்தாலும் ஆண்டுக்கு 438 கிராம் சுண்ணாம்புக்கல் சேரும். தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று நெல்லைக்காரர்கள் சொல்வதுண்டு. ஆக மருதத்துத் தண்ணீர் தருவது அரைக் கிலோ அல்வா, நெய்தல் தண்ணீர் தருவது ஏறக்குறைய அரைக் கிலோ கல். இரண்டும் அந்தந்த நிலத்தின் பட்சணமே.

இரண்டாம் சான்று உரிப்பொருள். நெய்தலுக்கு உரியது இரங்கல். உப்புப் படிந்த ஹீட்டரின் அருகே நின்று கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. படிவுக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து ஆவியாகி வெடிக்க, உள்ளிருந்து ஒரு முனகல் வரும். செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகச் சூட்டைக் கடத்தும் கல்லைப் போர்த்திக்கொண்ட காயில் வேறெப்படி ஒலிக்கும்? தலைவனைப் பிரிந்த தலைவியாவது தோழியிடம் சொல்லலாம், காயிலுக்கு அதுவும் இல்லை. வீட்டின் மற்ற பொருள்களும் சேர்ந்து இரங்குகின்றன: ஷவர் கண் அடைத்துக்கொள்கிறது, ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் வெள்ளையாகத் துப்புகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது, பருப்பு வேக மறுக்கிறது. எல்லாம் ஒரே இரங்கலின் துறைகள்.

இதையெல்லாம் பொய் என்பவர்கள் அதே ஊரில் இருக்கும் அணுமின் நிலையத்தைப் பார்க்கட்டும். பொறியியல் அலங்காரங்களை நீக்கிவிட்டால் அதுவும் தண்ணீர் காய்ச்சும் இடந்தான். தலா 1000 மெகாவாட் உலைகள் இரண்டு, உலைக்கு நான்கு நீராவி ஆக்கிகள். முதலில் பேச்சிப்பாறை அணையிலிருந்து, அதாவது குறிஞ்சியிலிருந்து, தண்ணீர் கொண்டுவர எண்ணினார்கள். பிறகு அதைக் கைவிட்டு, கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்து நன்னீர் எடுக்கும் ஆலையை அங்கேயே கட்டிக்கொண்டார்கள். அந்த நன்னீரிலும் மிச்சமிருக்கும் உப்பை நீக்கிய பிறகே நீராவிச் சுற்றுக்குள் விடுகிறார்கள். ஊரிலேயே பெரிய ஹீட்டர் திணையறிந்து நடந்துகொள்ளும்போது, குளியலறையில் தொங்கும் 25 லிட்டர் ஹீட்டர்மட்டும் அறியாமையில் எரிய வேண்டுமா?

சேலத்திலும் திருப்பூரிலும் காயில் எரிகிறதே, அங்கே ஏது கடல் என்று ஒருவர் மறுக்கலாம். அங்கே இருப்பது பாலை. பாலைக்குரிய நீர், வற்றிய சுனையும் கிணறும். எண்ணூறு அடி போர் என்பது அந்த வற்றிய கிணறுதான், ஆழம் கூடிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை. ஆர்.ஓ. இருக்கிறதே என்பார் இன்னொருவர். அது சமையலறையில் குடிப்பதற்கு, அதில் குளிக்கிறவர் யாருமில்லை. கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் தாமிரபரணி தண்ணீரே கடற்கரைக்கு வந்தால் கோட்பாடு கவிழாதா? கவிழாது, அதன் பெயர் திணைமயக்கம். இலக்கணம் அனுமதிக்கிறது, குழாயில் தினமும் வருவதுதான் சந்தேகம். உப்புப் படிந்தால் கரண்ட் பில் ஏறும் என்பது வலுவான வாதம்போலத் தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கிய காயிலின் சூடு கடைசியில் அந்தத் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். நஷ்டம் யூனிட்டில் பெரிதாகத் தெரியாது, சூட்டை வெளியேற்ற முடியாமல் காயில் தனக்குள்ளேயே வெந்து சாவதில்தான் தெரியும். ஹீட்டர்மேல் ஒட்டும் நட்சத்திரமும் சும்மா நிற்கும் வெந்நீர் ஒரு நாளில் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான் எண்ணுகிறது, தண்ணீரின் குணத்தை அல்ல.

ஆகவே நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் திணையையும் அச்சிட வேண்டும் என்று இந்த ஆய்வு கோருகிறது. அதுவரை கூடங்குளத்து வாசகர்கள் கெட்டிலில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். ஹீட்டருக்கு ஆண்டுக்கொரு முறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு காயிலைக் கழற்றி உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். முதலில் மெயினை அணைத்துவிடுங்கள்.