மோமோவும் காந்தலூர்ப் பூண்டும்

கேள்வி: கொச்சிக்குப் போனபோது ஒரு நேபாளி ஹோட்டலில் மோமோ சாப்பிட்டேன். நம்ம ஊர்க் கொழுக்கட்டைதானே அது? அதற்கு இவ்வளவு விலையா?
– ஒரு வாசகர், காந்தலூர்

பதில்: கொழுக்கட்டைக்குள் கோழியை வைத்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்வார். மோமோவுக்கு அந்தக் கவலை இல்லை. காத்மாண்டுவில் எருமைக் கறியையே வைக்கிறார்கள். திபெத்தோடு வியாபாரம் செய்த நேவார் வணிகர்கள் கொண்டுவந்த பண்டம் என்பார்கள்.

நீங்கள் காசு கொடுத்தது மாவுக்கு அல்ல, சட்னிக்கு. தக்காளி, பூண்டு, எள், மிளகாயோடு நாக்கை மரத்துப்போகச் செய்யும் ‘திமூர்’ மிளகும் அதில் சேரும். அது இல்லாமல் வெறும் சிவப்புச் சாஸ் வைத்திருந்தால் உங்கள் புகார் நியாயம்தான்.

விலைதான் உறுத்துகிறது என்றால் அடுத்த முறை ‘தால் பாத்’ கேளுங்கள். சோறு, பருப்பு, காய், ஊறுகாய். சோறும் பருப்பும் பெரும்பாலும் கேட்கக் கேட்க வரும். கூடவே ‘குந்த்ருக்’ வந்தால் பயப்படாதீர்கள். புளிக்கவைத்து உலர்த்திய கீரைதான். முதல் வாய்க்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: காந்தலூர் வட்டவடைப் பூண்டு 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியது. சமையல்காரரிடம், “தம்பி, சட்னிக்கு எங்க ஊர்ப் பூண்டு போட்டுப் பாரேன்” என்று சொல்லிவையுங்கள். பில் குறையாது. சட்னி இன்னொரு கிண்ணம் வரலாம்.